டிப்ளமா போனா ஒரு வருஷம் மிச்சமாமே!

கணக்குவாத்தியார்_தேனி: நேத்து லேத்ராஜா போட்டதைப் படிச்சதுலருந்து எரிச்சல் அடங்கல. "பத்தாவது முடிச்சதும் பாலிடெக்னிக், அப்புறம் லேட்டரல்ல நேரா பி.இ. ரெண்டாம் வருஷம். ஒரு வருஷம் மிச்சம். பிளஸ் டூ சேர்க்கிறவன் காசைக் கரியாக்குறான்." டிப்ளமா 3, பி.இ. 3, மொத்தம் 6. பிளஸ் டூ 2, பி.இ. 4, அதுவும் 6. எங்கய்யா மிச்சம்?

லேத்ராஜா: வாங்க வாத்தியாரே, கூட்டல் நல்லா வருது. பி.இ. ஃபீஸ் நாலு வருஷம் கட்டணுமா, மூணு வருஷமா? தனியார் காலேஜ்ல கவுன்சலிங் சீட்டுக்கே 2017-ல நிர்ணயிச்சது 50,000, 55,000. அதுல ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம்ல? பஸ், ஹாஸ்டல் தனி. கவர்மென்ட் பாலிடெக்னிக்ல வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். நான் லேத்துல நின்னு படிச்சவன், சாக்பீஸ் பிடிச்சவன் இல்ல.

கணக்குவாத்தியார்_தேனி: இப்ப ஃபீஸ்ங்கறீங்க. நேத்து "ஒரு வருஷம் மிச்சம்"னுதான் இருக்கு. ஸ்க்ரீன்ஷாட் வச்சிருக்கேன்.

மெக்மச்சி: பிளஸ் டூ முடிச்சவனை ரெண்டு பேரும் மறந்துட்டீங்க. டிப்ளமால நேரா ரெண்டாம் வருஷம் சேர்ந்தாலும் 2+3, அஞ்சு. நேரா பி.இ. போனா நாலு. எனக்கு ஒரு வருஷம் நஷ்டம்தான்.

லேத்ராஜா: பிளஸ் டூ முடிச்சிட்டு உன்னை யாருப்பா டிப்ளமா போகச் சொன்னது? நான் பத்தாவது முடிச்சவனுக்குச் சொன்னேன். ஒரு வருஷம் மிச்சம், மிச்சம், மிச்சம்.

நிலாம்மா: ஐயா, என் பொண்ணு ஆறாவதுலருந்து அரசுப் பள்ளிதான். இப்ப பத்தாவது எழுதியிருக்கா. எங்க வீட்டுல யாரும் காலேஜ் வாசலை மிதிச்சதில்ல. எதுல சேர்க்கட்டும்?

கணக்குவாத்தியார்_தேனி: அம்மா, அதே மாதிரி அரசுப் பள்ளியிலேயே பிளஸ் டூ சேருங்க. ஆறுலருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளின்னா 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 2021-லருந்து இன்ஜினியரிங்குக்கும் உண்டு. அதுல கவுன்சலிங்ல சீட்டு வாங்கினா ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டுது. பத்தாவதோட பாலிடெக்னிக் போயிட்டா இது கிடையாது. ராஜாவோட ஒரு வருஷத்தை அவரே வச்சுக்கட்டும், உங்களுக்கு நாலு வருஷமும் மிச்சம்.

லேத்ராஜா: ஆஹா. கட்ஆஃப் 200-ல கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அந்தப் பொண்ணுக்குக் கணக்கு வரலன்னா டியூஷன் காசு யார் தருவா, வாத்தியாரா? டிப்ளமா கையில இருந்தா பி.இ. போகலன்னாலும் வேலைக்குப் போகலாம். பிளஸ் டூ சர்டிஃபிகேட்டைக் காட்டி எந்தக் கம்பெனிக்குள்ள நுழைவீங்க?

மெக்மச்சி: லேட்டரல் சீட்டு எல்லாருக்கும் காத்துக்கிட்டு இருக்கற மாதிரி பேசாதீங்கண்ணே. 60 பேர் சேர்ற பிராஞ்சுல லேட்டரலுக்கு 10 சதவீதம்னா ஆறு சீட்டு. முதல் வருஷம் காலியா போனது வேணா கூடக் கிடைக்கும், அது எந்த மாதிரி காலேஜ்ல காலியா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். உள்ள போனதும் மூணாவது செமஸ்டர்ல ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ்னு ஒரு கஷ்டமான கணக்கு பேப்பர். முதல் வருஷக் கணக்கு படிக்காம வந்த லேட்டரல் பசங்க பாதிப் பேர் எங்க கிளாஸ்ல அரியர்.

லேத்ராஜா: நானும்தான் அரியர் வச்சேன், கிளியர் பண்ணேன். போன மாசம் எங்க ஷாப்புக்கு ஒரு ரெகுலர் பி.இ. வந்தான். லேத்துல பொருளைக் கவ்விப் பிடிக்கிற சக்கை முறுக்குற சாவி, அதான் சக் கீ, அதை சக்குலயே விட்டுட்டு மெஷினை ஆன் பண்ணக் கை வைக்கிறான்! நான் கத்தலன்னா அது பறந்து வந்து அவன் தாடையைப் பேத்திருக்கும். ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ்ல 90 மார்க்காம். சீட்டு, பேப்பர்னு பேசுறதுக்கு முன்னாடி வெர்னியர் அளவுகோல் படிக்கக் கத்துக்கங்க.

செக்‌ஷன்பி_சீனியர்: நாங்கள்லாம் ஷிஃப்ட் முடிச்சிட்டு ராத்திரி உக்காந்து, காலேஜ் போகாமலே எழுதுற ஏஎம்ஐஇ இன்ஜினியரிங் பரீட்சை எழுதி இன்ஜினியர் ஆனவங்க. காலேஜ் ஃபீஸே கிடையாது. இதை ஏன் யாரும் சொல்லல?

மெக்மச்சி: அங்கிள், 2013 மே 31-க்குள்ள பதிஞ்சவங்களுக்குத்தான் அது பி.இ.க்கு இணை. இப்ப பத்தாவது முடிச்ச பொண்ணுக்கு எதுக்கு?

செக்‌ஷன்பி_சீனியர்: அங்கிளா? முதல்ல மரியாதையா பேசக் கத்துக்கோ.

நிலாம்மா: சார், அந்த 7.5-க்கு தனியா எங்க எழுதிப் போடணும்?

மெக்மச்சி: தனியா வேணாம்கா, பிளஸ் டூ முடிச்சதும் கவுன்சலிங் அப்ளிகேஷன்லயே குறிக்கணும். முதல் பட்டதாரி சான்றிதழ் இ-சேவைல வாங்கி வச்சுக்கங்க, 7.5 கிடைக்கலன்னா டியூஷன் ஃபீஸ்ல சலுகை உண்டு. அரசுப் பள்ளிப் பொண்ணுங்களுக்கான புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வரும், அது டிப்ளமாவுக்கும் உண்டு.

லேத்ராஜா: பார்த்தீங்களா, டிப்ளமாவுக்கும் உண்டுன்னு அவனே சொல்லிட்டான்!

கணக்குவாத்தியார்_தேனி: ஆயிரம் ரூபா யார் கேட்டது? 3+3 எத்தனை? அதுக்குப் பதில் சொல்லுங்க.

லேத்ராஜா: போன வருஷம் "கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டெல்லாம் காத்தாடும், சிவில் போங்க"ன்னு இங்க சத்தியம் பண்ண ஆளுதானே நீங்க? உங்க பேச்சைக் கேட்டு எங்க அக்கா மகன் சிவில்ல உக்காந்திருக்கான். அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க, அப்புறம் கூட்டல் பார்ப்போம்.

கணக்குவாத்தியார்_தேனி: நான் சொன்னது கவர்மென்ட் காலேஜ் சிவில். உங்க அக்கா மகன் எங்க சேர்ந்தான்னு சொல்லுங்க பார்ப்போம்.

செக்‌ஷன்பி_சீனியர்: அந்தத் தம்பி இன்னும் மன்னிப்புக் கேக்கல.