கலைச்சொல்: 'ஆன்லைன் ரிஸ்க் அசெஸ்மென்ட்' – 'இணைய இடர் கேட்டறிதல்' சரிவருமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த பரிந்துரைகளை ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: லண்டனின் ஹரோ பகுதியில் மருத்துவ உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். சிறுவர் உளநலச் சேவைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் தமிழ்ப் பெற்றோருக்காக ஒரு துண்டுப்பிரசுரம் தயாராகிறது. முதல் சந்திப்பிலேயே பிள்ளையின் இணையப் பழக்கங்களைப் பற்றியும் மருத்துவக் குழு கேட்கும். ஆங்கிலத்தில் 'ஆன்லைன் ரிஸ்க் அசெஸ்மென்ட்' எனப்படும் அந்தப் பகுதிக்குத் தமிழில் என்ன தலைப்பு வைப்பது என்பதுதான் கேள்வி.

> 'இணைய ஆபத்து மதிப்பீடு' என்று போட்டுவிட்டு மேலே போகலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா. ஆனால் நாம் நினைக்கிறபடி புரியாது. தமிழ்ப் பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் காத்திருந்த அம்மாக்கள் சிலரிடம் வரைவை வாசிக்கக் கொடுத்தேன். ஒருவர் விரலை வைத்து வரிவரியாக வாசித்துக்கொண்டு வந்தார். 'ஆபத்து' வந்த இடத்தில் விரல் நின்றது. "ஆபத்தெண்டு டொக்டர்மாரே சொல்லினம், பிறகென்னத்துக்கு இதைக் கையில வச்சிருக்கிறாய்?" என்று பக்கத்தில் நின்ற மகளிடம் கையை நீட்டினார். பதின்மூன்று வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. ஒரு வார்த்தை பேசாமல் போனைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டது. அந்த அம்மாவில் குறை சொல்ல மாட்டேன். ஆபத்து என்று கேட்டவுடன் பிள்ளையை இழுத்து அணைக்கிற கை அது.

ஆனால் போனைப் பறித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அடுத்த சந்திப்பில் யார் எதைக் கேட்டாலும் "ஒண்டுமில்லை" என்றுதான் பதில் வரும். உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியும் அதோடு அடைபட்டுப்போகும்.

அதனால் 'ரிஸ்க்' (risk), 'ஹாம்' (harm) இரண்டையும் தமிழில் பிரித்தே ஆகவேண்டும். லண்டன் பொருளியல் கல்லூரியில் பேராசிரியர் சோனியா லிவிங்ஸ்டன் பல காலமாகச் சொல்லிவருவது இதைத்தான்: இணையத்தில் இடரை எதிர்கொள்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் தீங்கு நேர்வதில்லை. ஒரே காணொளியைப் பார்த்த இரண்டு பேரில் ஒருவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார், இன்னொருவர் இரவெல்லாம் அதிலேயே கிடப்பார். எந்தப் பிள்ளைக்கு, எந்த நிலையில், எது தீங்காகிறது என்பதைத்தான் மருத்துவக் குழு தேடுகிறது. ஆகவே வரக்கூடியதற்கு 'இடர்', வந்துவிட்டதற்குத் 'தீங்கு'. 'ஆபத்து' உடனே ஓடவேண்டிய நேரத்துக்கு இருக்கட்டும்.

> இலங்கைப் பாடசாலைகளில் அசெஸ்மென்ட்டுக்குக் 'கணிப்பீடு' என்றுதான் வழக்கு. ஏற்கெனவே இருக்கும் சொல்லை ஏன் விடவேண்டும்?

நீங்கள் சொல்வது சரி அண்ணை, நானும் கணிப்பீடு என்றுதான் படித்தேன். ஆனால் இந்த இடத்தில் அந்தச் சொல் தவறான வாக்குறுதி கொடுக்கிறது. கணிப்பு என்றால் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வது என்றுதான் காதில் விழும், தேர்தல் கருத்துக்கணிப்பு மாதிரி. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வோரின் பராமரிப்புக்காக 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைத் திட்டவட்டமாகத் தடுக்கிறது. யார் மறுபடியும் செய்வார், யார் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று முன்கூட்டிச் சொல்ல இடர்ப் படிவங்களையும் அளவுகோல்களையும் பயன்படுத்தக் கூடாது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஆட்களைத் தரம் பிரித்து, அதை வைத்து யாருக்குச் சிகிச்சை என்று முடிவெடுக்கவும் கூடாது. அந்த நபருக்கு என்ன தேவை, அவரை எப்படிப் பாதுகாப்பாக வைத்திருப்பது என்பதில் கவனம் வைக்கச் சொல்கிறது. மருத்துவமே கைவிடச் சொல்லும் ஒன்றை நாம் தலைப்பில் ஏற்றக் கூடாது.

'மதிப்பீடு' அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் வாசலில் நின்ற இன்னொரு அம்மா கேட்ட கேள்வி, "எத்தனை மார்க் எடுக்கவேணும்?" பரீட்சையிலேயே வளர்ந்த சமூகம் நாம். பிள்ளையும் மதிப்பீடு என்றால் தேறவேண்டும் என்று நினைத்து, நல்ல பதிலாகப் பார்த்துச் சொல்லும்.

'விசாரணை' வேண்டவே வேண்டாம். 'நலம் விசாரித்தல்' என்ற அன்பான வழக்கு இருப்பது தெரியும். ஆனால் இங்கே வாழும் பெற்றோரில் பலர் போரில் தப்பி வந்தவர்கள். விசாரணைக்கு என்று கூட்டிப்போனவர்கள் திரும்பி வராத வீடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. சமூக சேவை அதிகாரிகள் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் இந்தச் சொல்லும் வேண்டாம்.

'ஆன்லைன்' என்பதற்கு 'நிகழ்நிலை' என்று போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இலங்கையின் 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் இருக்கிற சொல்தான். வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'இணையம்' போதும்.

சரி, என் பரிந்துரை: இணைய இடர் கேட்டறிதல்.

'கேட்டறிதல்' புதிய சொல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் "உடல்நலம் கேட்டறிந்தார்" என்று பத்திரிகைகள் அன்றாடம் எழுதுகின்றன. கேட்டால்தான் அறியலாம் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. மருத்துவக் குழு செய்வதும் அதுதான். போனைத் திறந்து துழாவுவதில்லை, மணிக்கணக்கை எண்ணிப் புள்ளி போடுவதும் இல்லை. இரவில் நித்திரை வராவிட்டால் எந்த ஆப்பைத் திறப்பாய், அது உனக்கு எதைக் காட்டும், பார்த்து முடிந்ததும் மனம் எப்படி இருக்கும், படம் அனுப்பு என்று யாராவது நெருக்குகிறார்களா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் காத்திருக்கிறார்கள். மேலே சொன்ன நைஸ் வழிகாட்டுதலும் பிள்ளைகளைப் பொறுத்தவரை சமூக ஊடகத்தையும் இணையத்தையும் அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், அது மனநலத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதைக் கேட்கவேண்டியவற்றில் சேர்த்திருக்கிறது. பிரித்தானிய உளமருத்துவர்களின் ரோயல் கல்லூரி 2020 ஜனவரியிலேயே இதை வலியுறுத்தியிருந்தது.

கேட்பதை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் இருக்கிறது. மொலி ரசல் எங்கள் ஹரோவில் வளர்ந்த பிள்ளை. 2017 நவம்பரில் இறந்தபோது வயது 14. மரண விசாரணை 2022 செப்டம்பர் 30இல்தான் முடிந்தது. தற்கொலை என்று மட்டும் எழுதி முடிக்க மரண விசாரணை அதிகாரி அன்ட்ரூ வோக்கர் மறுத்துவிட்டார். மனச்சோர்வோடும் இணைய உள்ளடக்கத்தின் தீய விளைவுகளோடும் போராடிக்கொண்டிருந்த நிலையில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதால் இறந்தார் என்று பதிவுசெய்தார். கடைசி ஆறு மாதத்தில் இன்ஸ்டகிராமில் மொலி சேமித்தது, விரும்பியது, பகிர்ந்தது என்று ஏறத்தாழ 16,300 பதிவுகள். அவற்றில் ஏறத்தாழ 2,100 மனச்சோர்வு, தன்னைக் காயப்படுத்துதல், தற்கொலை பற்றியவை. அவற்றைப் பார்வையிட்ட உளமருத்துவர், தமக்கே சில வாரங்கள் சரியாக நித்திரை இல்லை என்று சாட்சியம் சொன்னார். அன்பான, அக்கறையான குடும்பம். அந்தப் பதிவுகளைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. மிச்சப் பதிவுகள் அந்த வயதுப் பிள்ளைகள் யாரும் பார்க்கக்கூடியவை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்வி அந்த 2,100ஐக் காட்டிக்கொடுத்திருக்காது.

உட்பிரிவுகளுக்கும் சொல் வேண்டும். லிவிங்ஸ்டனும் மரியா ஸ்டொய்லோவாவும் 2021இல் இணைய இடர்களை நான்காகப் பிரித்தார்கள். ஆங்கிலத்தில் நான்குமே 'சி'யில் தொடங்கும். உள்ளடக்கம், தொடர்பு, நடத்தை, ஒப்பந்தம் என்று நேரே போடலாம். ஆனால் 'ஒப்பந்தம்' என்றவுடன் பெற்றோர் வீட்டு வாடகைப் பத்திரத்தை நினைப்பார்கள். வினையாகவே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது: பார்ப்பது, பழகுவது, நடந்துகொள்வது, ஒப்புக்கொள்வது. கடைசியில் விளையாட்டுக்குள் காசு கட்டுவதும், வாசிக்காமலே சம்மதம் கொடுத்துத் தகவல்களைப் பறிகொடுப்பதும் வரும்.

அன்புடன்,
ஹரோவிலிருந்து

———

வணக்கம் அம்மா.

சென்னையில் குழந்தைகள் மனநலப் பிரிவில் இருக்கிறேன். 'கேட்டறிதல்' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, நாளையே பயன்படுத்தலாம். 'இடர்' பற்றி மட்டும் ஒரு மறுப்பு.

எங்களிடம் வரும் பெற்றோர் முதல் வாக்கியத்திலேயே "டாக்டர், பையன் செல்போனுக்கு அடிமை ஆயிட்டான்" என்பார்கள். அடிமை என்ற தீர்ப்போடு வருகிறவர்களிடம் நாமும் இடர் என்று தொடங்கினால், அவர்கள் சொன்னதற்கு முத்திரை குத்தியதாகிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் டிஜிட்டல் விளையாட்டுக் கோளாறு (கேமிங்) தனி நோயாக இருக்கிறது. அதற்கும் பொதுவாகப் பன்னிரண்டு மாத காலமாவது அதே போக்கு தெரியவேண்டும். சமூக ஊடகத்துக்கு அப்படி ஒரு நோய்ப்பெயர் அதில் கிடையாது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2014இல் இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது, பெயரிலேயே தொழில்நுட்பத்தின் 'ஆரோக்கியமான பயன்பாடு' என்று வைத்தார்கள். அந்த நோக்கு எனக்கு உடன்பாடு.

அப்புறம், சில பிள்ளைகளுக்கு நள்ளிரவில் பேச இருக்கும் ஒரே ஆள் இணையத்தில்தான் இருப்பார். பள்ளியில் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த நட்பு உயிர்ப்பிடிப்பு. அதைக் கேட்காமல் இடரை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். அதனால் 'இணைய வாழ்வு கேட்டறிதல்' என்று தலைப்பிட்டு, இடரை அதன் ஒரு பகுதியாக வைக்கலாமே?

இரகசியம் பற்றியும் பிரசுரத்தில் கவனமாக எழுதுங்கள். இங்கே 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பாலியல் சுரண்டலைச் சொன்னால், பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி நான் தெரிவித்தே ஆகவேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒருபோதும் சொல்வதில்லை. எதைச் சொல்ல மாட்டேன், எதைச் சொல்லியாக வேண்டும் என்பதைப் பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன பிறகும் பிள்ளைகள் பேசுகிறார்கள்.

நன்றி.

———

டொக்டர் ஐயா, வணக்கம்.

இணையத்தில் கிடைக்கும் துணையைப் பற்றி நீங்கள் சொன்னதைப் பிரசுரத்தின் முதல் பத்தியிலேயே சேர்த்துவிட்டேன். ஆனால் தலைப்பிலிருந்து 'இடர்' போகவேண்டாம் என்றே நினைக்கிறேன். 'இணைய வாழ்வு' என்று தலைப்பைப் பார்த்துச் சம்மதித்த அப்பா, உள்ளே தற்கொலைப் பதிவுகள் பற்றியும் அந்தரங்கப் படங்கள் பற்றியும் கேட்டார்கள் என்று பிறகு அறிந்தால், ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். அந்த நம்பிக்கை உடைந்தால் அடுத்த முறை வரமாட்டார். எதைக் கேட்கப் போகிறோம் என்பது தலைப்பிலேயே தெரியட்டும், எப்படிக் கேட்போம் என்பதைக் 'கேட்டறிதல்' சொல்லட்டும். உங்கள் பிரிவில் 'இணைய வாழ்வு' பொருந்துகிறது என்றால் அங்கே அப்படியே வையுங்கள். இரண்டையும் சொற்பட்டியலில் ஏற்றலாம், எது எங்கே என்ற குறிப்போடு.

பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

"இணைய இடர் கேட்டறிதல்: உங்கள் பிள்ளை இணையத்தில் எதைப் பார்க்கிறார், யாருடன் பழகுகிறார், எப்படி நடந்துகொள்கிறார், எதற்கெல்லாம் ஒப்புக்கொள்கிறார் என்று கேட்போம். இணையத்தில் அவருக்கு ஆறுதலாக இருப்பது எது என்றும் கேட்போம். இது பரீட்சை இல்லை. சந்திப்பின் ஒரு பகுதியில் பிள்ளையோடு தனியாகப் பேசுவோம். அவர் தனியாகச் சொன்னதை அவரைக் கேட்காமல் உங்களிடம் சொல்ல மாட்டோம். ஆனால் அவருடைய உயிருக்கோ பாதுகாப்புக்கோ கேடு என்று தெரிந்தால், சொல்லவேண்டியவர்களிடம் சொல்வோம். அதைப் பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். இந்தச் சந்திப்புக்கு முன் போனைப் பறிக்க வேண்டாம். உங்களுக்கு மொழிபெயர்க்கப் பிள்ளையையே வைக்க வேண்டாம், உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள்."

'கேடு' என்ற இடம் மட்டும் எனக்கு இன்னும் சரியாக அமையவில்லை. இடருக்கும் தீங்குக்கும் அப்பால் மூன்றாவது சொல்லாக நிற்கிறது. அங்கேதான் 'ஆபத்து' தன் உரிய வேலையைச் செய்யும் என்று படுகிறது. "உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து" என்று மாற்றினால் குழுவில் யாருக்காவது மறுப்பு உண்டா? அச்சுக்கு வெள்ளிக்கிழமை போகிறது, அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
ஹரோவிலிருந்து