செயிண்ட் நசேர், 1942: கேம்பல்டவுன் மோதியவுடனே ஏன் வெடிக்கவில்லை?

கேள்வி: ஓதக்கோடு

1942 மார்ச் 28 அதிகாலை 1.34-க்கு பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் கேம்பல்டவுன், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸின் செயிண்ட் நசேர் துறைமுகத்தில், நார்மண்டி உலர்துறையின் (நீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறை) கதவில் போய் மோதியது. கப்பலுக்குள் இருந்த வெடிமருந்து வெடித்ததோ விடிந்து பல மணி நேரம் கழித்துத்தான். அதற்குள் ஜெர்மானியர்கள் கப்பலில் ஏறிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோதிய கணத்திலேயே வெடிக்கும்படி ஏன் வைக்கவில்லை? ஒருவேளை அவர்கள் அதைக் கண்டுபிடித்துச் செயலிழக்க வைத்திருந்தால் எல்லாமே வீண்தானே?

இன்னொன்று: கப்பல் திட்டமிட்ட இடத்தையே அடைந்துவிட்டது என்றால் பிரிட்டிஷ் தரப்பில் 169 பேர் எப்படி இறந்தார்கள்?

பதில்: கருமருந்து

அந்தக் கதவைச் சாதாரணக் கதவாக நினைக்க வேண்டாம். ஏறக்குறைய 50 மீட்டர் நீளம், 10 மீட்டருக்கும் மேல் தடிமன் கொண்ட உள்ளீடற்ற எஃகுப் பெட்டி அது. பக்கவாட்டில் நகர்ந்து துறையை அடைக்கும். வெறும் மோதலால் உடையாது. கப்பலின் வேலை, வெடிமருந்தைக் கதவோடு ஒட்டிக் கொண்டுபோய் வைப்பதுதான்.

வைத்தது 24 ஆழ்வெடிகள் (நீர்மூழ்கிகளைத் தாக்க நீருக்குள் போடும் குண்டுகள்), மொத்தம் 4 டன்னுக்குச் சற்று மேல். எஃகுத் தொட்டிக்குள் அடுக்கிக் கான்கிரீட்டால் மூடினார்கள். இடம், முன்பீரங்கியைத் தாங்கும் தூணுக்குப் பின்னால். இங்கேதான் கணக்கு நுட்பமானது. சுமார் 20 நாட் வேகத்தில் மோதினால் கப்பலின் முகப்பு பல அடி நசுங்கும். அந்த நசுங்கும் பகுதிக்குள் மருந்து இருந்தால் உருகிகள் (வெடிப்பைத் தூண்டும் கருவிகள்) சிதைந்துபோகும். மிகவும் பின்னால் தள்ளி வைத்தால் வெடிப்பின் வேகம் கதவை எட்டும்போது குறைந்துவிடும். உண்மையில் 36 அடி அளவுக்கு முகப்பு நசுங்கியது. மருந்து கிட்டத்தட்ட கதவை ஒட்டியே வந்து நின்றது.

உடனே வெடிக்க வைத்திருந்தால் கப்பலில் இருந்த மாலுமிகளும் கமாண்டோக்களும் அங்கேயே செத்திருப்பார்கள். துறையின் மற்ற பாகங்களை உடைக்க ஆள் மிஞ்சியிருக்காது. அதனால் எட்டு மணி நேரத் தாமத உருகிகள். கழிமுகத்துக்குள் நுழையும் முன்பே, இரவு 11 மணியளவில் அவற்றை முடுக்கிவிட்டார்கள். திரவம் மெல்ல அரித்து ஊசியை விடுவிக்கும் வகை அது. குளிர்ந்தால் மெதுவாகும், சூடானால் வேகமாகும். அதனால்தான் காலை 9 மணிக்குள் எதிர்பார்த்த வெடிப்பு பிந்தியது.

கண்டுபிடிக்கப்படும் ஆபத்து இருக்கத்தான் செய்தது. ஆனால் கான்கிரீட்டுக்குள் புதைந்ததை மேலோட்டமாகப் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது. மோதியதும் கப்பலின் பின்பகுதியை மூழ்கடித்துவிட்டதால் இழுத்து அகற்றவும் வழியில்லை.

பதில்: மேற்குக்காற்று

மேலே சொன்னது சரி. ஆனால் திட்டத்தின் உயிர் ஓதத்தில், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தில் இருந்தது. செயிண்ட் நசேர் இருக்கும் லுவார் ஆற்றின் கழிமுகத்தில் தூர்வாரிய ஆழமான வாய்க்கால் ஒன்றுதான். அது கரைப்பீரங்கிகளின் மூக்குக்குக் கீழே போகிறது. பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் மட்டும் சேற்றுத் திட்டுகளின் மேலாக நேரே போகலாம். அதற்காகவே நாள் குறித்தார்கள். கப்பலிலிருந்து டார்பிடோக் குழாய்கள், பெரிய பீரங்கிகள் எல்லாவற்றையும் கழற்றி மிதவை ஆழத்தைச் சுமார் 11 அடிக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியும் இரண்டு முறை தரைதட்டி விடுபட்டது. நான்கு புகைபோக்கிகளில் இரண்டை வெட்டி, மிஞ்சிய இரண்டையும் சாய்வாக அறுத்து ஜெர்மன் கப்பல் போல ஆக்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வேடமும், ஜெர்மன் குறியீட்டில் அனுப்பிய விளக்குச் சைகையும் கடைசிச் சில நிமிடங்களை வாங்கித் தந்தன.

இரண்டாவது கேள்விக்கு விடை மரப்படகுகள். பெரும்பாலான கமாண்டோக்கள் வந்தது 112 அடி நீள ஃபேர்மைல் மோட்டார் படகுகளில். பலகை உடல், பெட்ரோல் எஞ்சின். வந்துபோகும் தூரத்துக்கு எரிபொருள் போதாது என்று மேல்தளத்திலேயே கூடுதல் பெட்ரோல் தொட்டி வேறு. கரையில் 20, 37, 40 மில்லிமீட்டர் பீரங்கிகள், தேடொளி விளக்குகள். ஒரு குண்டு பட்டால் போதும், படகு தீப்பந்தம். பழைய அலைதாங்கிச் சுவருக்கு அனுப்பிய ஆறு படகுகளில் ஒன்றுதான் ஆட்களை இறக்கியது. மொத்தம் 16 மோட்டார் படகுகளில் மூன்று மட்டுமே சொந்த எஞ்சினில் இங்கிலாந்து வந்து சேர்ந்தன. என் கருத்தில், இத்தனை பேரை மரத்திலும் பெட்ரோலிலும் ஏற்றி அனுப்பியது மன்னிக்க முடியாத சமரசம். இரண்டாவது நாசகாரி கேட்கப்பட்டும் கடற்படை கொடுக்கவில்லை.

கவனத்தைத் திருப்ப நடத்திய பிரிட்டிஷ் விமானத் தாக்குதலும் எதிர்விளைவைத்தான் தந்தது. மேகம் மூடிய வானில், நகர மக்களைக் காக்க இலக்கு தெரிந்தால் மட்டும் குண்டு போட வேண்டும் என்று கட்டளை. விமானங்கள் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர குண்டு அதிகம் விழவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கரையில் இருந்தவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள்.

ஓதக்கோடு:

நன்றி. கதவு ஒன்று உடைந்தால் போதாதா? உள்ளே இறங்கி வேறென்ன உடைத்தார்கள்?

பதில்: கருமருந்து

கதவை மட்டும் உடைத்தால் புதிதாகச் செய்து மாட்டிவிடலாம். உலர்துறை இயங்க நீரை இறைத்து வெளியேற்றும் பம்புகளும், கதவை நகர்த்தும் எஞ்சின் அறைகளும் வேண்டும். பம்புகள் தரைக்குக் கீழே 40 அடி ஆழத்தில் இருந்தன. லெப்டினன்ட் ஸ்டூவர்ட் சாண்டின் குழு இருட்டில் படியிறங்கி ஒவ்வொரு பம்பின் உடலிலும் வெடி வைத்தது. திரியைப் பற்றவைத்த பின் மேலே ஏற 90 நொடி. சாண்ட் ஏற்கெனவே காயப்பட்டிருந்தார். இந்தத் தகர்ப்பாளர்கள் முதுகில் கனத்த வெடிப்பொதி சுமந்ததால் கையில் கைத்துப்பாக்கி மட்டும்தான். காவலுக்குத் தனிக் குழு தாம்சன் துப்பாக்கிகளோடு கூடப் போனது. வடக்குக் கதவுக்கும் நீருக்குள் வெடிகளைத் தொங்கவிட்டு வெடித்தார்கள். அது சேதமடைந்தது, முழுதாக உடையவில்லை.

ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. கேம்பல்டவுன் வெடித்தபோது துறைக்குள் நீர் இல்லை, இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் நின்றன. கதவு பெயர்ந்ததும் வெளியே நின்ற கடல் உள்ளே பாய்ந்து, கப்பலின் பின்பாதியையும் கூடவே இழுத்துப்போனது.

பதில்: மேற்குக்காற்று

இன்னொரு வெடியும் இருந்தது. எம்டிபி 74 என்ற டார்பிடோப் படகு, தாமத உருகி பொருத்திய டார்பிடோக்களைப் பழைய நுழைவாயிலின் கதவில் செலுத்தியது. அவை மார்ச் 30 அன்று வெடித்தன. நகரில் பீதி பரவி, ஜெர்மானியர்கள் கண்டபடி சுட்டதில் பிரெஞ்சுப் பொதுமக்களும் மாண்டார்கள்.

அட்லாண்டிக் கரையில் ஜெர்மானியர் வசம் இருந்தவற்றில், அவர்களின் பெரிய போர்க்கப்பலான டிர்பிட்ஸை ஏற்கக்கூடிய ஒரே உலர்துறை இந்த நார்மண்டி துறைதான்; அதனால்தான் அதைக் குறிவைத்தார்கள். 1948 வரை அது மீண்டும் இயங்கவில்லை.