வகுப்பறைக்குள் கேமரா: வேண்டுமா, வேண்டாமா?

வைகைக்கரை:
2025 ஜூலையில் சிபிஎஸ்இ தன் அங்கீகார விதிகளைத் திருத்தியது. வாசல், நடைக்கூடம், மாடிப்படி, ஆய்வகம், நூலகம், கேன்டீன், விளையாட்டுத் திடல் எல்லாவற்றிலும் கேமரா இருக்க வேண்டும். கூடவே ஒவ்வொரு வகுப்பறையிலும். கழிவறைக்கு மட்டும் விலக்கு. படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும், குறைந்தது 15 நாள் பதிவு கையில் இருக்க வேண்டும். என் மகள் படிக்கும் பள்ளியில் வகுப்புக்கு ஒன்று மாட்டிவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் சிலர் இதற்கு முணுமுணுத்தார்கள். எனக்கு அது புரியவே இல்லை. காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டி வருகிறோம். நடுவில் நடப்பதைக் குழந்தை சொன்னால்தான் உண்டு. நகைக்கடைக்குக் கேமரா வேண்டும், பிள்ளைகள் இருக்கும் அறைக்கு வேண்டாமா? நான் முழு ஆதரவு. எதிர்ப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

கரும்பலகை:
வாசலில், நடைக்கூடத்தில், படிக்கட்டில், பள்ளி வேனில் வையுங்கள். அதை நான் எதிர்க்கவில்லை. வகுப்பறைக்குள், அதுவும் ஒலியோடு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நான் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். மணி அடித்து எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் மேசையருகே நின்றுகொண்டே இருக்கும். "சார், நேத்து அப்பா அம்மாவை அடிச்சிட்டார்", "சார், காலைல சாப்பிடல" என்று மெதுவாகச் சொல்லும். ஆசிரியைகளிடம் பெண் பிள்ளைகள் சொல்வது இன்னும் அந்தரங்கமானது. தலைக்கு மேலே மைக் இருப்பது தெரிந்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

அப்புறம் பாடம். சாதியைப் பற்றிப் பேசாமல் என் பாடத்தை நடத்த முடியாது. நாற்பது நிமிட வகுப்பில் இருபது நொடியை வெட்டி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், மறுநாள் பள்ளி வாசலில் கூட்டம் நிற்கும். இது தெரிந்த ஆசிரியர் புத்தகத்தை வரி பிசகாமல் வாசித்துவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம்.

வைகைக்கரை:
கரும்பலகை சார், உங்களைப் போன்றவர்களைப் பார்த்து யாருக்கும் பயமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009லேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் கையில் தழும்போடு வீட்டுக்கு வருகிறார்கள். பள்ளியில் போய்க் கேட்டால் "அப்படி எதுவும் நடக்கவில்லை, உங்க பையன் பொய் சொல்றான்" என்று முடித்துவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளையின் சொல் ஒரு பக்கம், பள்ளி நிர்வாகத்தின் சொல் மறு பக்கம். யார் ஜெயிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பதிவு இருந்தால் அந்தப் பேச்சே எழாது. பொய்ப் புகாரில் மாட்டும் ஆசிரியரையும் அதே பதிவுதான் காப்பாற்றும்.

இரட்டைப்பின்னல்:
ஆசிரியரும் பெற்றோரும் பேசுகிறீர்கள். அந்தக் கேமராவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் நான், இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

எங்கள் பள்ளியில் உடை மாற்றத் தனி அறை கிடையாது. விளையாட்டு தினத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பறையில்தான் மாற்றுவோம். கேமரா வந்த பிறகு ஒரு மூலையில் துப்பட்டாவைப் பிடித்து மறைத்துக்கொண்டு மாற்றினோம். அந்தக் கேமராவின் திரை முதல்வர் அறையில் இருந்தது. அலுவலக ஊழியர்கள், ஸ்டேஷனரி கொண்டுவருபவர் என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி அது ஓடிக்கொண்டிருக்கும். "கடைசி பெஞ்ச், நிமிர்ந்து உட்கார்" என்று ஸ்பீக்கரில் குரல் வரும். அங்கே கேமரா பாதுகாப்புக்குப் பயன்பட்டு நான் பார்த்ததே இல்லை, மிரட்டத்தான் பயன்பட்டது. மாட்டுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், இல்லை.

வைகைக்கரை:
நீங்கள் சொன்னது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் அது அந்த முதல்வரின் குற்றம். திரை எங்கே இருக்க வேண்டும், யார் பார்க்கலாம் என்று விதி போட்டால் தீரும்.

கேபிள்காரன்:
விதி போட்டால் தீரும் என்றதால் சொல்கிறேன். எனக்குத் தொழிலே சிசிடிவி மாட்டுவதுதான், பள்ளிகளுக்கும் மாட்டுகிறோம். வருமானம் போகும் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

ரெக்கார்டரை மாட்டி முடித்ததும் மொபைல் ஆப்பில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து கொடுப்போம். தாளாளர், முதல்வர், சில இடங்களில் தாளாளரின் மகன் போனில்கூட ஓடும். கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால் "மறந்துடும்பா, அப்படியே இருக்கட்டும்" என்பார்கள். ஆள் வேலையை விட்டுப் போனாலும் அவர் போனில் ஆப் இருக்கும். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி பதிவுகள், பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் உட்பட, டெலிகிராமில் விலைக்கு வந்தது நினைவிருக்கும். அங்கே இருந்த கடவுச்சொல் 'அட்மின்123' என்று செய்தி வந்தது. நான் பார்க்கும் பள்ளிகள் பலவற்றின் நிலை அதைவிட மேல் இல்லை. 2021 மார்ச்சில் அமெரிக்காவில் வெர்காடா என்ற பெரிய கம்பெனியின் ஒன்றரை லட்சம் கேமராக்களுக்குள்ளேயே ஹேக்கர்கள் புகுந்தார்கள், அதில் பள்ளிகளும் உண்டு. பாதுகாப்புக்கென்றே ஆள் வைத்திருக்கும் கம்பெனிக்கே அந்தக் கதி.

சட்டப்பக்கம்:
அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டுமென்றால் சட்டம் இருக்க வேண்டும், தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மீறியும் போகக் கூடாது. வகுப்பறைக் கேமரா மூன்றாவதில்தான் இடறுகிறது என்பது என் கருத்து.

டெல்லி அரசு 2018 ஜனவரியில் தன் பள்ளிகளின் எல்லா வகுப்பறைகளிலும் கேமரா என்று அறிவித்து, 2019 ஜூலையில் லாஜ்பத் நகரில் தொடங்கியது. காட்சி பெற்றோரின் போனுக்கே நேரலையாகப் போகும் என்பது திட்டம். தடை கேட்டபோது உச்ச நீதிமன்றம் கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நேரலை என்றால் உங்கள் மகளை நாற்பது வீட்டினர் பார்ப்பார்கள். நாற்பது பேரின் சம்மதத்தை யார் வாங்கினார்கள்? சீனாவில் கிஹு 360 நிறுவனத்தின் நேரலைத் தளத்தில் வகுப்பறைகள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஓடின. எதிர்ப்பு கிளம்பி 2017 டிசம்பரில் அதை மூடினார்கள்.

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. ஆனால் 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது, கல்வி, பாதுகாப்பு ஆகியவற்றுக்காக என்றால் பள்ளிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். கதவைப் பூட்டிச் சாவியைப் பள்ளியிடமே கொடுத்த கதை.

மழைத்துளி:
என் பையனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. ஒரு நாள் தோளில் நகக் கீறலோடு வந்தான். யார், எதற்கு, எப்போது என்று அவனால் சொல்ல முடியாது. பள்ளியில் "அவனே கீறிக்கொண்டான்" என்றார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்று வரை எனக்குத் தெரியாது.

2015இல் இஞ்சியோன் நகரில் ஒரு காப்பகக் குழந்தை அடிபட்ட காட்சி வெளியானதும் தென் கொரியா எல்லாக் குழந்தைக் காப்பகங்களிலும் கேமராவைக் கட்டாயமாக்கியது. பதிவை 60 நாள் வைத்திருக்க வேண்டும். அதே ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், சிறப்புக் குழந்தைகளுக்கான தனி வகுப்பறையில் பெற்றோர் கேட்டால் கேமரா வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. பிள்ளை மெதுவாக வந்து ஆசிரியரிடம் சொல்லும் என்று கரும்பலகை சார் எழுதியிருக்கிறார். என் பிள்ளை யாரிடமும் சொல்ல மாட்டான் சார்.

கரும்பலகை:
மழைத்துளி மேடம், உங்கள் பையனின் அறையில் கேமரா வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் டெக்சாஸ் சட்டத்தின் மீதியையும் பாருங்கள். பெற்றோரோ ஊழியரோ கேட்ட அறைக்கு மட்டும்தான் கேமரா. திரை முன்னால் உட்கார்ந்து தொடர்ந்து பார்க்கத் தடை. ஆசிரியரை எடைபோட அதைப் பயன்படுத்தவும் தடை. புகார் வந்தால் எடுத்துப் பார்க்கலாம், பதிவு குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும். நம் ஊரில் எல்லா அறைக்கும் மாட்டச் சொல்கிறோம், யார் பார்க்கலாம் என்ற தடையைப் பேசவே இல்லை, பதிவோ 15 நாள்.

அந்த 15 நாளைக் கொஞ்சம் யோசியுங்கள். பாலியல் தொல்லைக்கு ஆளான குழந்தை மறுநாளே வந்து சொல்வது அபூர்வம். மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள். சொல்லும்போது பதிவு அழிந்திருக்கும். "கேமராவில் ஒன்றும் இல்லையே" என்று பள்ளி சொல்லித் தப்பிக்கும். முன்பு குழந்தையின் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போய்விடும். அது இன்னும் ஆபத்து.

2017 செப்டம்பரில் குருகிராமில் ஏழு வயதுச் சிறுவன் பள்ளிக்குள் கொல்லப்பட்ட பிறகு சிபிஎஸ்இ கேமராவை வலியுறுத்தியது. அது நடந்தது கழிவறையில். ஹரியானா போலீஸ் பேருந்து நடத்துநரைப் பிடித்தது. பிறகு சிபிஐ வந்து பதினோராம் வகுப்பு மாணவனைப் பிடித்தது, நடத்துநர் விடுபட்டார். அங்கே வகுப்பறைக் கேமரா என்ன செய்திருக்கும்? கழிவறைக்குப் போகும் வழியில் ஓர் ஆயாம்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

வைகைக்கரை:
15 நாள் போதாது என்பது சரி. அப்படியானால் 90 நாள் ஆக்கச் சொல்வோம்.

கேபிள்காரன்:
ஆக்கலாம் சார். நொடிக்கு ஒரு மெகாபிட் என்று குறைத்து வைத்தாலும் ஒரு கேமரா ஒரு நாளைக்குப் பத்து ஜிபிக்கு மேல் தின்னும். 60 கேமரா இருக்கும் பள்ளிக்கு 15 நாளுக்கே பத்து டெராபைட் வரும். 90 நாள் என்றால் அறுபது டெராபைட்டை நெருங்கும். பள்ளி நேரத்துக்கு மட்டும் ஓட விட்டால் குறையும். அப்போதும் மூன்று மாதத்துக்கு உங்கள் பிள்ளைகளின் முகமும் குரலும் நான் மேலே சொன்ன அதே கடவுச்சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கும்.

இரட்டைப்பின்னல்:
இந்தப் பணத்தில் பாதியை உடை மாற்றும் அறைக்கும் ஒரு முழு நேர ஆலோசகருக்கும் செலவழித்தால் என்ன? தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி இருக்கிறது, 14417, 1098 உதவி எண்கள் இருக்கின்றன. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகாரளிக்காத நிர்வாகத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. இதையெல்லாம் ஒழுங்காக நடத்தியிருந்தால் என் தோழிகள் சிலர் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டார்கள்.

வைகைக்கரை:
கேமரா வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்கப் போகிறேன்: ஆப் யார் யார் போனில் இருக்கிறது, திரை எந்த அறையில் இருக்கிறது, பதிவை எடுத்துப் பார்த்தால் அதைக் குறித்துவைக்க ஒரு நோட்டு உண்டா, பிள்ளைகள் எங்கே உடை மாற்றுகிறார்கள். ஒலியை நிறுத்தச் சொல்லியும் கேட்கலாமா?

சட்டப்பக்கம்:
பள்ளியிடம் கேட்டுப் பயனில்லை. ஒலிப்பதிவு சிபிஎஸ்இ வாரியத்தின் விதியிலேயே இருக்கிறது. வாரியத்துக்குத்தான் எழுத வேண்டும். நான் வரைவு தயாரிக்கிறேன், விருப்பமுள்ளவர்கள் கையெழுத்திடுங்கள்.

மழைத்துளி:
அதில் நான் கையெழுத்திட மாட்டேன். கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒரு குழந்தையை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். படம் மட்டும் இருந்தால் என் பையன் அழுவது தெரியும், எதற்கு அழுகிறான் என்று தெரியாது. சிறப்பு வகுப்பறைகளுக்கு ஒலி இருக்கட்டும் என்று தனியாக ஒரு வரி சேர்ப்பீர்களானால் சொல்லுங்கள், கையெழுத்திடுகிறேன்.