மீன் தொட்டியில் வாழைச்செடி: புதைத்துக் கெடுத்தவர்கள் வந்து சொல்லுங்கள்

அடிமணல்:

சென்னை கொளத்தூருக்கு வளர்ப்பு மீன் வாங்கப் போய் மீனோடு மட்டும் திரும்பிய நாள் எனக்கு இல்லை. போன ஆடியில் பத்து நியான் டெட்ராவுக்காகப் போனவன், ஒரு கடையில் கண்ணாடித் தம்ளரைப் பார்த்து நின்றுவிட்டேன். உள்ளே பச்சைப் பசேலென்று ஒரு குட்டி வாழைச் சீப்பு. ஒவ்வொரு காயும் என் சுண்டுவிரல் நுனி அளவு. மேலே இதய வடிவில் ஒரே ஓர் இலை. "பனானா பிளான்ட் அண்ணா, அறுபது ரூபாய்" என்றான் கடைப் பையன். வாழைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நிம்ஃபாய்டஸ் அக்வாட்டிகா என்பது பெயர். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் குளம் குட்டைகளில் வளர்வது. பார்க்க அல்லி போல இருந்தாலும் அல்லிக் குடும்பம்கூட இல்லை. இதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்குச் சீப்பு அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் இருப்பது இரண்டடித் தொட்டி. நடும்போது அம்மா பக்கத்தில் நின்றார். மாடியில் சேம்பும் சேனையும் வைத்து எடுப்பவர். "கிழங்கை வெளியில் விட்டால் எப்படிடா முளைக்கும்? நன்றாக உள்ளே தள்ளு" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. மணலை விலக்கிச் சீப்பு முழுவதையும் புதைத்து, இலையை மட்டும் வெளியே விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் இலை மஞ்சளடித்தது. காம்பைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. மணலைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை. ஐந்து காய்களில் மூன்று, தோல் மட்டும் முழுசாக நிற்க உள்ளே கூழாகிப் போயிருந்தன. விரல் பட்டதும் பழுப்புப் புகைபோல நீரில் கலைந்தன. மிச்சம் இரண்டு கெட்டியாக இருந்தன; அவை சேரும் இடத்தில் அரிசிமணி அளவுக்கு ஒரு குருத்து. அழுகியதை பிளேடால் சீவி எறிந்துவிட்டு, மீதியை மணலின் மேல் சும்மா வைத்து, உருண்டுவிடாமல் ஒரு கூழாங்கல்லை அணைத்து வைத்தேன். இருபது நாளில் நூல் போல வெள்ளை வேர்கள் கிளம்பித் தாமாகவே மணலுக்குள் இறங்கின.

பிறகுதான் விஷயம் புரிந்தது. நாம் காய் என்பது உண்மையில் தடித்த வேர். அது மண்ணுக்குள் உருவாவதே இல்லை. பருவம் முடியும் காலத்தில், மிதக்கும் இலைக்கு அடியில், நீரின் மேல்மட்டத்திலேயே கொத்தாகத் திரள்கிறது. பிறகு பிய்ந்து குளத்தின் அடிக்குப் போய்ப் படுத்து, அங்கே புதுச்செடியாக முளைக்கிறது. தாய்ச்செடி பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. நான் மூட்டையோடு புதைத்து ஊசிப்போக வைத்திருக்கிறேன்.

ஃபைட்டர் வீடு:

நான் புதைக்கவில்லை; என் தவறு வேறு. தொட்டிக்குள் குட்டையாக, புதர் போல நிற்க வேண்டும் என்று ஆசை. அதுவோ மேலே போவதிலேயே குறியாக இருந்தது. ஒரு வாரத்தில் ஓர் அடிக் காம்பு நீட்டி இலையை நீர்மட்டத்தில் விரித்துவிடும். நானும் வாரந்தோறும் கத்தரியோடு நின்றேன். ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தேன். திரும்பிப் பார்த்தால் மேலே மூன்று இலைகள், ஓர் இலைக்கு அடியில் என் ஃபைட்டர் மீன் நுரைக்கூடு கட்டி வைத்துக்கொண்டு, கிட்டே போன என் விரலை முறைக்கிறது. அத்துடன் கத்தரியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். மூடி போட்ட தொட்டியாக இருந்தால் நீருக்கும் மூடிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். என் முதல் இலை விளக்குச் சூட்டில் கருகியது.

ஒன்று கேளுங்கள்: நறுக்கிய இலைகளை நான் குப்பையில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் ஃபில்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மிதந்திருக்கிறது. இலையும் காம்பும் சேரும் இடத்தில் வெள்ளை வேர், பொட்டு அளவில் ஒரு குட்டி இலை! எத்தனை செடிகளைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன் என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நத்தை விரோதி:

ஆப்பிள் நத்தை வைத்திருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். மூன்றே இரவு. காய்களில் எலி கடித்த கொய்யா போலக் குழி. தங்கமீனும் சளைத்ததில்லை.

மொட்டைமாடிக் குளம்:

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். மாடியில் சிமெண்ட் தொட்டியில் கப்பி மீனோடு விட்டிருக்கிறேன், பாதி நிழலில். பூத்தது! ஐந்து இதழ், வெள்ளை, நடுவில் மஞ்சள். இலைக்கு அடியிலிருந்துதான் மொட்டு கிளம்புகிறது, அடிமணல் சொன்ன அதே இடம். காலையில் விரிந்தது மாலையில் வாடிவிட்டது. நம் ஊர்க் குளங்களிலும் இதன் ஒன்றுவிட்ட உறவுகள் உண்டு, இதழ் ஓரம் பஞ்சு போலப் பிரிந்திருக்கும். பலரும் குட்டி அல்லி என்றே கடந்துபோகிறோம். பெருகிப்போன செடியை மட்டும் தயவுசெய்து ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காக வந்ததுதான்.

புதுத்தொட்டி:

என் செடியில் இலைகள் நன்றாக வருகின்றன, ஆனால் காய்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன. செத்துக்கொண்டிருக்கிறதா?

அடிமணல்:

அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தால் அழுகல், உடனே சீவி எடுங்கள். கெட்டியாக இருந்து சிறுத்தால் கட்டுச்சோறு தீர்கிறது என்று பொருள். வேர் மணலைப் பிடித்துவிட்டதென்றால் கவலை இல்லை. வேருக்குப் பக்கத்தில் ஓர் உர மாத்திரையைச் செருகுங்கள், போதும். என்னுடையதில் இப்போது காயே இல்லை, இலை மட்டும் ஏழு. வாங்கியது காய்க்காக என்பதுதான் வருத்தம். அம்மா தினமும் காபியோடு வந்து எட்டிப் பார்த்து, "உன் வாழை எப்போது குலை தள்ளும்?" என்கிறார். புதைக்கச் சொன்னது அவர்தான் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஃபைட்டர் வீடு சொன்னபடி ஓர் இலையை விரல் நீளக் காம்போடு நறுக்கி மிதக்கவிட்டிருக்கிறேன். இன்றோடு ஒன்பது நாள். வேர் இன்னும் வரவில்லை.