தனியாக ஸ்கூபா டைவிங் போகலாமா?

பாளையங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சிமார்களே, ஸ்கூபாவின் முதல் நிலைப் பயிற்சியான ஓபன் வாட்டர் கோர்ஸ் முடித்தாயிற்று. பிப்ரவரியில் அந்தமான் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறேன், கூட வர ஆளில்லை. தாமிரபரணியில், குறுக்குத்துறைப் படித்துறையில் நீந்தி வளர்ந்த தைரியம் போதுமா?

கடலோடி:
தம்பி, தனியாகப் பயணம் போகலாம், தனியாக முங்கக் கூடாது. டைவ் கடையில் சொன்னால் ஜோடி சேர்த்துவிடுவார்கள். இறங்கும் முன் அந்த ஜோடியின் உபரி வாய்க்குழாய் (உங்கள் காற்று தீர்ந்தால் நீங்கள் மூச்சு விட வேண்டியது) எங்கே மாட்டியிருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. அப்புறம், மூச்சைப் பிடிக்கவே கூடாது, ஆற்றில் முங்கிய பழக்கத்தில் அதுதான் தானாக வரும். மேலே ஏறும்போது அந்தக் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும்.

நெல்லைப்பெண்:
திரும்பும் விமானத்தைப் பாருங்கள். பல டைவ் அடித்தால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் பறக்க வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்கும் அவசரத்தில் காலையில் முங்கிவிட்டு மதியம் விமானம் ஏறாதீர்கள். சளி இருந்தால் இறங்கவே வேண்டாம், காது அடைத்துக்கொள்ளும்.

பாளையங்கோட்டைக்காரன்:
சரி அக்கா. மாஸ்க் சொந்தமாக வாங்கவா?

கடலோடி:
வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள், விழாமல் நின்றால் அதுதான் உங்கள் அளவு. மீசை இருந்தால் கொஞ்சம் ஒழுகும், அதற்காக எடுத்துவிடாதீர்கள்.