புதுப்பிப்பு: 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய காருக்கு எஞ்சின் வேலை பார்ப்பதா?

போன மாதம் கேட்டிருந்தேன்: காலையில் நீலப் புகை, 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குறைகிறது, பிஸ்டன் ரிங் (பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே அடைக்கும் வளையம்) மாற்றலாமா என்று. பாதிப் பேர் "மாற்றுங்கள்", பாதிப் பேர் "ஸ்கிராப்புக்குக் கொடுங்கள்" என்றீர்கள்.

சரி, சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தேன். நான்கு சிலிண்டர்களில் மூன்று 170 பிஎஸ்ஐ பக்கம், மூன்றாம் எண் சிலிண்டர் மட்டும் 130. அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்த்ததும் 160க்கு ஏறிவிட்டது. எண்ணெய் ரிங்கின் இடைவெளியை அடைப்பதால்தான் அப்படி ஏறும். வால்வு கசிந்தால் பெரிதாக ஏறாது. ஆக, ரிங்தான். வால்வு சீல் மட்டும் மாற்றித் தப்பிக்கலாம் என்ற என் கணக்கு பொய்த்தது.

ரிங் என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் பேரிங், கேஸ்கெட் என்று பில் நீளும். ஆனால் முடிவு செய்தது எஞ்சின் இல்லை, சிஓஇ (இங்கே கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்). 5 ஆண்டுக்குத்தான் புதுப்பித்திருந்தேன். அதை மறுபடி நீட்டிக்க முடியாது. இன்னும் 14 மாதம்தான். அதற்குப் பிறகு எஞ்சின் புதுசு போல இருந்தாலும் வண்டியைப் பதிவு நீக்கத்தான் வேண்டும். 10 ஆண்டுக்குக் கட்டியிருந்தால் யோசித்திருப்பேன்.

அதனால் பிரிக்கவில்லை. பிசிவி வால்வை (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிக்க அனுப்பும் வால்வு) மட்டும் மாற்றினேன், டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் எண்ணெய், ஞாயிறுதோறும் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் அளவு பார்க்கிறேன். என் மனைவிக்கு அந்தப் புகை பிடிக்கவில்லை, அது வேறு கதை. வருடாந்திரச் சோதனை அடுத்த மாதம். அதில் புகை அளவு தேறாவிட்டால் அப்புறம் ஸ்கிராப்தான்.