தமிழ்99-க்கு ஒரு குட்டி கீபோர்டு: ச, ஞ கீகளை எங்கே வைப்பது?

கேள்வி

தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்புக்காக, 4 வரிசை, 12 நெடுவரிசை, மொத்தம் 48 கீ என்று ஒரு கீபோர்டு வரைந்து வைத்திருக்கிறேன். கீகள் கட்டம் போட்டதுபோல் நேராக நிற்கும். மூளையாகப் புரோ மைக்ரோ என்ற சிறு மின்சுற்றுப் போர்டு, அதில் ஓடும் மென்பொருளாகக் கியூஎம்கே ஃபர்ம்வேர், கையால் வயரிங். இடது ஓரத்தில் டேப், எஸ்கேப், ஷிஃப்ட். வலது ஓரத்தில் பேக்ஸ்பேஸ், மேற்கோள்குறி, என்டர். இப்படி அடுக்கினால் ந, ய, ழ மூன்றும் தப்பிவிடுகின்றன. ஆனால் சதுர அடைப்புக்குறி கீகள் இரண்டும் போய்விடுவதால் ச, ஞ இரண்டுக்கும் இடமில்லை. அவற்றை இரண்டாம் லேயருக்கு (ஒரு கீயைப் பிடித்திருக்கும்போது மட்டும் வரும் அடுக்குக்கு) தள்ளலாமா? கன்ட்ரோல், ஆல்ட்டை நடுவரிசை எழுத்துகளிலேயே, அழுத்திப் பிடித்தால் வரும்படி வைக்கும் எண்ணமும் உண்டு. சுவிட்சுகளைத் தாங்கும் பிளேட்டை லேசரில் வெட்டக் கொடுக்கும் முன் வேறு எதைச் சரிபார்க்க வேண்டும்?

மறுமொழி 1

ச-வை லேயருக்குத் தள்ளாதீர்கள். 'ச்ச' வரும் ஒவ்வொரு இடத்திலும் லேயர் கீயைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை தட்ட வேண்டியிருக்கும். ஒரு பத்தி அடிப்பதற்குள் கட்டைவிரல் சோர்ந்துவிடும்.

48 கீயைத் தாண்டவே கூடாது என்றால், பேக்ஸ்பேஸைக் கட்டைவிரல் பக்கம் இறக்கிவிட்டு அந்த மூலையை ச-வுக்குக் கொடுங்கள். ஞ பெரும்பாலும் 'ஞ்ச' என்றுதான் வரும் என்பதால் அதற்குத் தனிக் கீ இல்லாமலே சமாளிக்கலாம். பக்கத்தில் இருக்கும் ண, ச இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஞ வரும்படி ஒரு காம்போ போதும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: காம்போவுக்கு இயல்பாக உள்ள நேரம் 50 மில்லிசெகண்டு, எந்தக் கீ முதலில் விழுந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். 'சண்டை', 'சணல்' என்று வேகமாக அடிக்கும்போது ச-வும் ண-வும் ஒட்டி விழுந்தால் ஞ ஆகிவிடும். வரிசைப்படி அழுத்தினால் மட்டும் ஏற்கும் அமைப்பு கியூஎம்கேயில் உண்டு. ண முதலில், ச பிறகு என்று அதில் கட்டிவிடுங்கள். 'ணச' என்று அடுத்தடுத்து வரும் சொல் அரிது.

ஃபர்ம்வேரில் தமிழ் எழுத்து எதையும் எழுத வேண்டாம். கீபோர்டு அனுப்புவது கீயின் எண்ணை மட்டும்தான். அதை ச ஆக்குவது கணினியின் வேலை. மூலையில் இடது சதுர அடைப்புக்குறியின் குறியீட்டை வைத்தாலே போதும்.

மறுமொழி 2

காம்போவைவிட ஒரு நெடுவரிசையைக் கூட்டுவதே நல்லது என்பேன். 13 நெடுவரிசை வைத்தால் ச, ஞ இரண்டும் ண-வுக்கு அடுத்து, கை பழகிய இடத்திலேயே இருக்கும். மேல் மூன்று வரிசையில் 39 கீ. கீழ்வரிசையில் 1.25 அளவில் (சாதாரண எழுத்துக் கீயின் அகலம் 1) நான்கு, 1 அளவில் எட்டு; கூட்டினால் சரியாக 13. ஆக 51 கீ. அந்த நான்கும் கட்டைவிரல்களுக்கு. வழக்கமான 104 கீ கீகேப் தொகுப்பில் 1.25 அளவில் ஏழு இருக்கும், தனியாக வாங்க வேண்டியதில்லை. எந்தக் கீயும் 2 அளவை எட்டாததால் நீளக் கீ சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசரும் தேவையில்லை.

வயரிங்கில் வரிசைக்கு ஒன்று, நெடுவரிசைக்கு ஒன்று என 4 + 13 = 17 பின் (போர்டின் இணைப்புக் கால்) வேண்டும். புரோ மைக்ரோவில் பயன்படுத்தக்கூடியவை 18. ஒன்றே மிஞ்சும். சுழல்குமிழ் வைக்கும் ஆசை இருந்தால் அதற்கு இரண்டு பின் வேண்டும். கீகளின் இடத்தை மாற்றாமல், வயரிங்கை மட்டும் 7 வரிசை × 8 நெடுவரிசை என்று மடித்துவிடுங்கள். 56 இடம் கிடைக்கும், 15 பின்னில் முடிந்துவிடும்.

நடுவரிசை விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள். தமிழ்99-இல் உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். கைகள் மாறி மாறித்தான் ஓடும். அ கீயைப் பிடித்தால் கன்ட்ரோல் என்று வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். 'அப்பா' அடிக்கும்போது அ-விலிருந்து விரல் எழுமுன் ப-வை (ஜே கீயை) அழுத்தி விட்டுவிட்டால், பெர்மிசிவ் ஹோல்ட் (ஒரு கீ கீழே இருக்கும்போதே இன்னொன்று அழுத்தி எழுந்தால் முதல் கீயைப் பிடித்ததாகக் கொள்ளும் அமைப்பு) போட்ட கீபோர்டு அதைக் கன்ட்ரோல் + ஜே என்று எடுத்துக்கொள்ளும். குரோமில் பதிவிறக்கப் பட்டியல் திறக்கும். எதிர்க்கைக் கீ விழுந்தால் மட்டும் ஹோல்டாகக் கொள்ளும் கார்டல் ஹோல்டும் இங்கே கைகொடுக்காது. நம் தட்டல்களில் பெரும்பாலானவை எதிர்க்கையில்தானே விழுகின்றன. அதனால் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட்டைக் கீழ்வரிசைக்குக் கொண்டுபோங்கள். நடுவரிசையில்தான் வேண்டும் என்றால் பெர்மிசிவ் ஹோல்டை அணைத்துவிட்டு, பிடித்ததாகக் கொள்ளும் நேரத்தை 200 மில்லிசெகண்டில் தொடங்கிப் பாருங்கள். புள்ளி வைக்கும் ஃ கீயில் மட்டும் இரட்டை வேலை வேண்டவே வேண்டாம்.

மறுமொழி 3

பிளேட் பற்றி.

கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்கு 19.05 மி.மீ. அதை 19 என்று சுருக்காதீர்கள். 13 நெடுவரிசைக்கு 12 இடைவெளி, கடைசிக் கீயில் 0.6 மி.மீ. விலகல். கையால் வயரிங் செய்தால் அது தெரியாது. பிறகு இதே பிளேட்டுக்கு 19.05 கணக்கில் மின்சுற்றுப் போர்டு அடித்தால் ஓரத்துச் சுவிட்சின் கால் துளையில் இறங்காது.

துளை 14 மி.மீ. சதுரம், தகடு 1.5 மி.மீ. தடிமன். 3 மி.மீ. அக்ரிலிக்கில் சுவிட்சின் கொக்கி பிடிக்காது, கீகேப்பைக் கழற்றும்போது சுவிட்சும் கூடவே வந்துவிடும். லேசர் தன் பாதையில் கொஞ்சம் பொருளை எரித்துவிடுவதால் துளை பெரிதாகும். வெட்டுபவர் அதற்கு ஈடுகட்டுகிறாரா என்று கேளுங்கள். முதலில் 13.9, 13.95, 14.0 என்று மூன்று துளை மட்டும் ஒரு துண்டில் வெட்டச் சொல்லி, சுவிட்சைச் செருகிப் பாருங்கள். தலைகீழாகக் குலுக்கினாலும் ஆடாமல் நிற்க வேண்டும்.

அதற்கும் முன்னால், ஏ4 தாளில் படுக்கைவசத்தில் 100 சதவீத அளவில் அச்சிடுங்கள். 13 கீயின் மொத்த அகலம் 247.65 மி.மீ. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். தாளுக்குப் பொருத்தும் அமைப்பு நமக்குத் தெரியாமல் இயக்கத்தில் இருந்தால் அச்சு சுருங்கியிருக்கும். அளவு சரியென்றால் தாளை மேசையில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கையை வையுங்கள். கட்டைவிரல் தானாக எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அங்கே ஸ்பேஸ்.

கேட்டவர்

13 நெடுவரிசைக்கே போகிறேன். ஸ்பேஸைப் பிடித்தால் லேயர் மாறும்படி வைக்கலாமா? மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

மறுமொழி 2

ஸ்பேஸில் வேண்டாம். சொல் முடிந்ததும் அடுத்த எழுத்து அதன்மேலேயே ஏறி விழும், எழுத்துக்குப் பதில் எண் வரும். என்டரிலோ பேக்ஸ்பேஸிலோ வையுங்கள். பேக்ஸ்பேஸில் வைத்தால் பிடித்து அழிப்பது போய்விடும். ஒருமுறை தட்டி உடனே மறுபடி பிடித்தால் தொடர்ந்து அழிக்கும்.

டையோடு 1என்4148, கீக்கு ஒன்றாக 51. ஐந்தாறு கூடுதலாக வாங்குங்கள். கருப்புக் கோடு வரிசைக் கம்பியைப் பார்க்கட்டும், ஃபர்ம்வேரில் நெடுவரிசையிலிருந்து வரிசைக்கு என்று குறியுங்கள். எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிட்டால் ஒரு கீயும் வேலை செய்யாது. பிடுங்க வேண்டாம், அந்த ஒரு வரியை மாற்றினால் சரி. ஒரே ஒரு கீ மட்டும் செத்துக் கிடந்தால் அதன் டையோடு திரும்பியிருக்கும், அல்லது ஈயம் ஒட்டாமல் இருக்கும். சுவிட்சின் காலில் சூட்டுக்கோலை மூன்று வினாடிக்கு மேல் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்துவிடும்.

வயரிங் செய்யும்போது பிளேட் கவிழ்ந்திருக்கும், இடம் வலமாகத் தெரியும். தொடங்கும் முன் டேப் கீயின் பின்பக்கத்தில் மார்க்கரால் 1 என்று எழுதிவிடுங்கள்.